கிளிக் செய்த சர்வரும் எழுதி வைத்த சர்வரும்

பாலாற்றுக் கரையில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இரண்டு வழி. ரயிலேறி பெங்களூரோ சென்னையோ போய்ச் சேர்வது ஒன்று. ஊரிலேயே ஏதாவதொரு ஷூ கம்பெனியில் 'சிஸ்டம் பார்க்கிற தம்பி' ஆகிவிடுவது இன்னொன்று. நான் இரண்டாவது ரகம். டேலி, பிரிண்டர், கைரேகை மெஷின், சிசிடிவி, சம்பள சாஃப்ட்வேர், பையர் அனுப்பும் எக்செல் என்று கரண்ட்டில் ஓடுகிற எதுவும் நின்றுபோனால் எனக்குத்தான் போன் வரும். தையல் மெஷின் நின்றாலும் சிலர் கூப்பிடுகிறார்கள், அது வேறு கதை.

எங்கள் கம்பெனியில் ஒரு ஆர்டர் அப்ளிகேஷன் இருக்கிறது. எந்த பையருக்கு எந்த ஆர்ட்டிகிள், அதற்கான தோல் எந்த டேனரியிலிருந்து எந்த லாட்டில் வந்தது, கட்டிங்கில் எத்தனை ஜோடி, குளோசிங்கில் எத்தனை, லாஸ்டிங் முடிந்து பேக்கிங்குக்குப் போனது எத்தனை, எல்லாம் அதில் பதிவாகும். முதலில் அக்கவுண்ட்ஸ் ரூமில் மேசைக்கடியில் ஒரு பழைய பிசியில் ஓடியது. பிறகு கான்ட்ராக்டில் வந்த ஒருவர் அதைக் கிளவுடுக்கு ஏற்றிக் கொடுத்தார். வேலை சுத்தமான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனையையும் பிரவுசரில் கன்சோலைத் திறந்து கிளிக் செய்தே அமைத்திருந்தார். அவருக்கு பெங்களூரில் நல்ல வேலை கிடைத்தது, போய்விட்டார். எங்களிடம் மிஞ்சியது ஒரு பாஸ்வேர்டும் மாதாமாதம் வருகிற பில்லும்.

ஓடுகிறவரை யாரும் கேட்கவில்லை. ஐரோப்பிய பையர் ஒருவர் அனுப்பிய கேள்வித்தாள் வந்தபோதுதான் சிக்கல். டேட்டாபேஸ் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா? சர்வருக்குள் நுழைய யார் யாருக்கு அனுமதி? முழுதும் போய்விட்டால் எவ்வளவு நேரத்தில் மீட்பீர்கள்? கடைசியாக என்ன மாற்றினீர்கள், யார் ஒப்புதல் கொடுத்தார்கள்? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஆதாரம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் போட எங்களிடம் ஒரு காகிதம் கிடையாது.

இந்த ஊரில் இது வேடிக்கையான நிலைமை. ஆதாரம் காட்டுவதில் இந்தத் தோல் தொழில் பகுதிக்காரர்களை விடப் பழகியவர்கள் யாரும் இருக்க முடியாது. டேனரிக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததும் அதில்தான். ராணிடெக், வானிடெக், விஷ்டெக் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் பெயர்கள் இங்கே பஸ் ஸ்டாப் பெயர் மாதிரி எல்லோருக்கும் தெரியும். 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் மீட்டர் கட்டாயம் என்றபோது டேனரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாறு விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு நீண்ட தீர்ப்பு கொடுத்தது. இது போதாதென்று ஐரோப்பிய யூனியனின் காடழிப்புத் தடுப்பு விதி மாட்டுத் தோலையும் சேர்த்துக்கொண்டது. எந்த மாடு எந்த நிலத்தில் மேய்ந்தது என்பது வரை கேட்கிறார்கள். ஆட்டுத் தோலுக்கு அது கிடையாது. அமலாகும் தேதி தள்ளித் தள்ளிப் போகிறது, ஆனாலும் பையர்கள் இப்போதே ஃபார்ம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

தண்ணீருக்கு ஃபைல் இருக்கிறது, தோலுக்கு ஃபைல் இருக்கிறது, தொழிலாளிக்கு ஃபைல் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் சுமக்கிற சர்வருக்கு மட்டும் ஃபைல் இல்லை. அதனால்தான் இருந்ததைத் தொடாமல், பக்கத்திலேயே புதிதாக ஒரு முழு அமைப்பை நிரலாகவே எழுதி எழுப்புவது என்று முடிவு செய்தோம்.

நிரலில் எழுதுவது என்றால் என்ன என்று எங்கள் முதலாளியிடம் விளக்க, டேனரி டெக்னீஷியன் வைத்திருக்கும் ரெசிப்பி கார்டைக் காட்டினேன். குரோம் டேனிங் டிரம் பக்கத்தில் ஒரு கிளிப் போர்டில் தொங்குமே, அதுதான். தண்ணீர் 80, உப்பு 8, ஃபார்மிக் ஆசிட் அரை, சல்ஃபூரிக் ஒன்றேகால், குரோம் பவுடர் 8 என்று போகும். எல்லாம் சதவீதம், சுண்ணாம்பிட்டு சதை நீக்கிய தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்று கணக்கு. டிரம்மில் 500 கிலோ போட்டாலும் 3 டன் போட்டாலும் கார்டு ஒன்றுதான், எடை மட்டும் மாறும். நிரலிலும் அப்படித்தான்: சோதனை அமைப்புக்கும் நிஜ அமைப்புக்கும் ஒரே ஃபைல்கள், சர்வரின் அளவு, டேட்டாபேஸின் அளவு போன்ற மதிப்புகள் மட்டும் தனி ஃபைலில். இன்னொன்றும் இருக்கிறது. கார்டில் எழுதியபடி எல்லாம் போட்டாயிற்று என்று டெக்னீஷியன் வீட்டுக்குப் போய்விட மாட்டார். கழுத்துப் பக்கம் தடித்த இடத்தில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுகத்தில் இண்டிகேட்டர் சொட்டு விட்டு நிறம் பார்ப்பார். கொதிநீரில் ஒரு துண்டைப் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பார். எழுதியது ஒன்று, டிரம்முக்குள் நடந்தது ஒன்று என்று ஆகக் கூடாது.

"அப்போ அந்தப் பையன் கார்டு எழுதாமலே டிரம் ஓட்டிட்டுப் போயிட்டானா?" என்றார் முதலாளி.

"ஆமாம் பாய். தோல் நல்லாத்தான் வந்திருக்கு. அடுத்த லாட் அதே மாதிரி வருமான்னுதான் தெரியாது."

அதோடு பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. இனி டேனரியை விட்டுவிட்டு வேலைக்கு வருகிறேன்.

நிரலால் சர்வர் எழுப்பும் கருவிகளின் வம்சாவளி ரொம்ப நீளம். ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் 1993-இல் எழுதிய சிஎஃப்என்ஜின்தான் பெரியவர். அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் 2011-இல் வந்தது. ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெர்ராஃபார்ம் 2014-இல் வந்து, எந்தக் கிளவுடுக்கும் ஒரே மொழி என்ற வசதியால் எல்லோரையும் இழுத்துக்கொண்டது. 2023 ஆகஸ்டில் அதன் உரிமத்தைத் திடீரென்று இறுக்கினார்கள். கோபித்துக்கொண்டவர்கள் பழைய பதிப்பிலிருந்து ஓபன்டோஃபு என்று பிரித்தெடுத்து லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தார்கள். எங்களை மாதிரிச் சின்னக் கம்பெனியை அந்த உரிமம் ஒன்றும் செய்யாது. இருந்தும் நான் ஓபன்டோஃபுவையே எடுத்தேன். காரணம் கொள்கை அல்ல. ஸ்டேட் ஃபைலை மறையாக்கம் செய்யும் வசதி அதில் உள்ளேயே இருக்கிறது. அந்த ஃபைல் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இடம் மும்பை. அமேசானின் மும்பை மையம் 2016-இலிருந்து இருக்கிறது, ஹைதராபாத் 2022 நவம்பரில் வந்தது. அப்ளிகேஷன் மும்பையில், பேக்கப்பின் இன்னொரு நகல் ஹைதராபாத்தில் என்று வைத்தோம். இரண்டும் நாட்டுக்குள்ளேயே இருப்பதால் தொழிலாளிகளின் விவரங்கள் எல்லை தாண்டுகிறதா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதலாம். ஹைதராபாத் எல்லாக் கணக்கிலும் தானாகத் திறந்திருக்காது, போய் எனேபிள் செய்ய வேண்டும். மறையாக்கச் சாவியும் அங்கே தனியாக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் நிரல் பாதியில் நின்று முகத்தில் சிவப்பு எழுத்தை அடிக்கும்.

நெட்வொர்க்குக்கு 10.20.0.0/16. இரண்டு அவெய்லபிலிட்டி ஜோன்களில் சப்நெட்கள். முன்னால் ஒரு லோட் பேலன்சர், அதன் பின்னால் ஃபார்கேட்டில் இரண்டு சின்ன கன்டெய்னர்கள், கடைசியில் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அவ்வளவுதான். குபர்னெட்டிஸ் போடலாமே என்று சென்னையில் இருக்கும் டெவலப்பர் தம்பி ஆசைப்பட்டான். ஒரு ஷிப்டில் நூறு பேர்கூட ஒரே நேரத்தில் நுழையாத அப்ளிகேஷனுக்கு அது எதற்கு? அவனுடைய பயோடேட்டாவுக்கு நல்லது, எங்கள் கம்பெனிக்கு அல்ல. இதை அவனிடமே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

செலவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் மாட்யூலை அப்படியே எடுத்துப் போட்டால் நேட் கேட்வே என்று ஒன்றைச் சேர்த்து எழுப்பிவிடும், சிலது ஜோனுக்கு ஒன்று என்று எழுப்பும். ஒன்றுக்கு மாதம் 30 டாலருக்கு மேல், டேட்டா கட்டணம் தனி, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எங்கள் அளவுக்கு அந்தக் காசு கன்டெய்னர்களுக்கு ஆகும் காசையே தாண்டிவிடும். நாங்கள் கன்டெய்னர்களைப் பொது சப்நெட்டில் வைத்து, லோட் பேலன்சர் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி செக்யூரிட்டி குரூப்பில் அடைத்துவிட்டோம். 2024 பிப்ரவரியிலிருந்து பொது ஐபி முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறார்கள். அது பரவாயில்லை, ஒரு முகவரிக்கு மாதம் நாலு டாலருக்குள் முடிந்துவிடுகிறது. பில் ஒரு வரம்பைத் தாண்டினால் மெயில் வர வேண்டும் என்பதையும் நிரலிலேயே எழுதிவிட்டேன். அக்கவுண்டன்ட் அக்காவுக்கும் ஒரு நகல் போகும். அவருக்கு மெயில் போனால் எனக்கு அலாரம் வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிரலால் சர்வர் எழுப்புவதில் வேகம்தான் லாபம் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். பத்தே நிமிடத்தில் முழு அமைப்பு எழுந்து நிற்கும் என்று கைதட்டுகிறார்கள். எங்கள் மாதிரிக் கம்பெனி வருடத்தில் எத்தனை தடவை புது அமைப்பு எழுப்பப் போகிறது? நிஜ லாபம் 'பிளான்' என்ற கட்டளையில் இருக்கிறது. நிரலில் ஒரு வரி மாற்றினால், எதையும் செய்வதற்கு முன்னால் அது நிஜ நிலைமையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னென்ன நடக்கும் என்று பட்டியல் போடும். புதிதாக வருவதற்கு முன்னால் +, போவதற்கு முன்னால் -, இருந்த இடத்திலேயே மாறுவதற்கு ~. கடைசி வரியில் இத்தனை சேரும், இத்தனை மாறும், இத்தனை அழியும் என்று கூட்டுத்தொகை. அதைப் படித்து 'சரி' என்று சொன்ன பிறகே 'அப்ளை'.

பழைய டேட்டாபேஸில் மறையாக்கம் இல்லை என்று தெரிந்ததும் டெவலப்பர் தம்பி, "அண்ணா, சிம்பிள். பழைய டேட்டாபேஸையும் நிரலுக்குள் இம்போர்ட் பண்ணிட்டு, ஃபால்ஸ்னு இருக்கிறதை ட்ரூன்னு மாத்தினா போதும்" என்றான். சரி, பிளான் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்று போட்டோம். திரையில் மற்ற வரிகள் எல்லாம் சாதுவாக இருக்க, டேட்டாபேஸ் வரிக்கு முன்னால் மட்டும் -/+ என்று ஒரு இரட்டைக் குறி. பழையதை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக எழுப்புவேன் என்று அர்த்தம். ஒரு சேர்ப்பு, ஒரு அழிப்பு. புதிது மறையாக்கத்தோடு வரும், ஆனால் காலியாக வரும். எங்கள் அத்தனை ஆர்டரும் பழையதோடு போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டிஎஸ் டேட்டாபேஸை அங்கேயே மறையாக்கம் செய்ய அமேசானில் வழியே கிடையாது. ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும், அதை மறையாக்கத்தோடு நகலெடுக்க வேண்டும், அந்த நகலிலிருந்து புதிய டேட்டாபேஸை எழுப்ப வேண்டும். அப்படித்தான் செய்தோம். அன்றைக்கே அந்த டேட்டாபேஸ் பகுதியில் 'அழிக்க அனுமதியில்லை' என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன். அந்த வரி இருக்கிறவரை, யாராவது டேட்டாபேஸை அழிக்கும்படியான மாற்றத்தை எழுதினால் பிளானே மறுத்துவிடும். அமேசான் பக்கத்திலும் டிலீஷன் புரொடக்‌ஷன் போட்டாயிற்று. ஒரு பூட்டு நிரலில், ஒரு பூட்டு கிளவுடில்.

கன்சோலில் இந்த முன்னறிவிப்பு முழுதாகக் கிடைக்காது. அதைவிட, என் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் 'கிட்'டில் பிளானை நான் போட்டால் சென்னையிலிருந்து தம்பி படிப்பான், அவன் எழுதியதை நான் படிப்பேன். யார் எழுதினார், யார் ஒப்புக்கொண்டார், எந்தத் தேதி என்பது தானாகப் பதிவாகிவிடும். பையரின் கேள்வித்தாளில் அந்த 'ஆதாரம்' கட்டத்தில் நான் ஒட்டியது இந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டைத்தான். பையரின் ஆடிட்டர் அதை ஏற்றுக்கொண்டதோடு, கடைசி மாற்றம் எதற்காக என்று விவரக்குறிப்பைப் படித்துக் கேள்வியும் கேட்டார். படிக்கிற ஆடிட்டரைப் பார்ப்பதே அபூர்வம்.

கையால் செய்வதில் ஒரு சர்வர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு நைட் கேப்பிட்டல் கதையை விட நல்ல உதாரணம் இல்லை. அமெரிக்காவில் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கவிருந்த ஒரு புதிய ஏற்பாட்டுக்காக எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஆள் கையால் ஏற்றினார், ஏழில் ஏறியது, எட்டாவது விட்டுப்போனது. ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட நடைமுறையும் அங்கே இல்லை. அந்த எட்டாவதில் பல வருடங்களாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டது. சந்தை திறந்ததும் கண்டபடி வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. 45 நிமிடத்தில் 440 மில்லியன் டாலருக்கு மேல் காலி. அந்த நிறுவனம் தனியாக நிற்க முடியாமல் இன்னொன்றோடு இணைய வேண்டியதாயிற்று. அமேசானே 2017 பிப்ரவரி 28 அன்று, சரியான கையேட்டைப் பார்த்தே ஒரு கட்டளை அடிக்கும்போது உள்ளீட்டில் ஒன்று தவறியதால், நினைத்ததைவிட அதிக சர்வர்களை விலக்கிவிட்டு எஸ்3 என்ற சேமிப்புச் சேவையை மணிக்கணக்கில் படுக்க வைத்தது. இரண்டிலும் வேலை செய்தவர்கள் ஒன்றும் கற்றுக்குட்டிகள் அல்ல.

சரி, ஸ்டேட் ஃபைல். நிரலில் நாம் எழுதிய பெயருக்கும் அமேசானில் எழுந்து நிற்கும் நிஜப் பொருளுக்கும் உள்ள தொடர்பைக் கருவி ஒரு ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். அது தொலைந்தால் கருவிக்கு எல்லாம் மறந்துவிடும். ஏற்கெனவே இருப்பதையெல்லாம் மறுபடி எழுப்பப் பார்க்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் அதில் எழுதினால் குழம்பிவிடும், அதனால் பூட்டு வேண்டும். பாஸ்வேர்டுகள்கூட அதில் பச்சையாக உட்கார்ந்திருக்கும், ஆகையால் அதை கிட்டில் போடுவது தற்கொலை. எங்களுடையது வெர்ஷனிங் போட்ட எஸ்3 பக்கெட்டில் மறையாக்கத்தோடு இருக்கிறது. டேட்டாபேஸின் முதன்மை பாஸ்வேர்டை அமேசானே உருவாக்கி சீக்ரெட்ஸ் மேனேஜரில் வைத்துக்கொள்ளும்படி விட்டதால் அது ஸ்டேட்டுக்குள் வருவதே இல்லை. அந்த பக்கெட்டை எதைக்கொண்டு எழுப்புவது என்ற கோழி-முட்டைக் கேள்வி வரும். அதை மட்டும் கன்சோலில் கையால் எழுப்பிவிட்டு, ஏன் அப்படி என்று ஒரு வரி எழுதி வையுங்கள், போதும். இதில் சுத்தம் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

யாரும் எதையும் மாற்றாத நாளிலும் இரவில் பிளான் தானாக ஒருமுறை ஓடுகிறது. ஒரு நாள் காலையில் அதன் மெயிலில் ஒரு ~ இருந்தது. டேட்டாபேஸின் செக்யூரிட்டி குரூப்பில் 5432 போர்ட், உலகத்துக்கே திறந்து கிடந்தது. ரிப்போர்ட் அவசரமாக வேண்டுமென்று யாரோ கேட்க, யாரோ கன்சோலில் போய்த் திறந்திருக்கிறார்கள். டேட்டாபேஸுக்குப் பொது முகவரி இல்லாததால் வெளியிலிருந்து யாரும் நுழைந்திருக்க வழியில்லை. ஒரு அப்ளை போட்டதும் எழுதி வைத்தபடி மூடிக்கொண்டது. அன்றோடு எல்லோருடைய கன்சோல் அனுமதியையும் 'பார்க்க மட்டும்' என்று சுருக்கினோம். மாற்ற வேண்டுமென்றால் கிட் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வழியிலும் நிரந்தரச் சாவி எதுவும் யாருடைய லேப்டாப்பிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் அனுமதி வாங்கி ஓடும். வேலையை விட்டுப் போகிறவர் கையோடு சாவியும் போகிற கதை இங்கே ரொம்பப் பழையது.

ஐடி உலகத்தில் வெள்ளிக்கிழமை எதையும் நேரடி அமைப்பில் மாற்றாதே என்று ஒரு வேதவாக்கு உண்டு. எங்கள் கம்பெனியில் நேர்மாறு. வாரத்தில் அப்ளிகேஷனை யாருமே தொடாத வேலை நேரம் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம்தான். கட்டிங் சூப்பர்வைசர், பேக்கிங் இன்சார்ஜ், முதலாளி எல்லோரும் பள்ளிவாசலில் இருப்பார்கள், தையல் பகுதிப் பெண்கள் சாப்பாட்டில் இருப்பார்கள். நான் அப்போதுதான் அப்ளை கொடுப்பேன். தொழுகை முடிந்து வருகிறவர்களுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. தெரிந்த அன்றைக்கு பிரியாணி என் செலவு என்று ஒப்பந்தம்.

நிரலுக்குள் வராதவையும் இருக்கின்றன. அமேசான் கணக்கின் ரூட் மெயில் இன்னும் பழைய கான்ட்ராக்டரின் சொந்த மெயிலில் இருந்தது. அதன் ஓடிபி அவருடைய பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்ல மனுஷர், போனில் கூப்பிட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். டொமைன் பெயர் மட்டும் வேறொரு ஏஜென்ட் மூலம் வாங்கியிருக்கிறார்கள், அந்த ஏஜென்ட் யாரென்று கான்ட்ராக்டருக்கும் நினைவில்லை, எங்களுக்கும் நினைவில்லை. புதுப்பிப்பு மார்ச்சில் வருகிறது. அதற்குள் பழைய பில் எதிலாவது அவர் பெயர் இருக்கிறதா என்று அக்கவுண்டன்ட் அக்கா 2019-ஆம் வருட ஃபைலிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்.